படிக அறையில் ஒட்டிய சீன முதுமொழிகள்

என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சொன்னவர்கள் உண்டு. மதுரையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த மகளிர் கல்லூரியில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். கல்யாணமான பிறகு என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் மறுத்ததில்லை. கைக்குள் அடங்காத அளவுக்கு, ஒரு கீறல் இல்லாமல், தண்ணீரைப் போலத் தெளிந்த படிகத்தை வளர்த்து எடுத்தவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. அது வந்தது ஜெர்மனியில், ஒரு வசந்த காலத்தில். அதற்குக் காரணம் எங்கள் ஆய்வக அறையில் ஒட்டியிருந்த சீன முதுமொழிகள். முதலில் என்னைக் கவிழ்த்துவிட்டதும் அவைதான்.

அறுபதுகளின் கடைசி. எசன் நகருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் உதவித்தொகையில் ஆராய்ச்சி செய்யப் போயிருந்தேன். நிலக்கரிச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். மூடினால் என்ன, ஜன்னல் கட்டையில் விரலை வைத்தால் கரி ஒட்டும். வெள்ளைப் புடவையைத் துவைத்து வெளியே காயப்போடும் முட்டாள்தனத்தை நான் ஒரு தடவைதான் செய்தேன்.

எங்கள் வேலை கட்டிடத்தின் நிலவறையில் நடந்தது. தெருவில் லாரி போனால்கூட மேல்மாடிகள் அதிரும், அதனால் கீழே. வேலை இதுதான்: உப்புக் கரைசலைக் கண்ணாடித் தொட்டியில் வெதுவெதுப்பாக ஊற்ற வேண்டும். வித்து என்று நாங்கள் சொல்லும் சின்னப் படிகத் துண்டை அதன் நடுவே தொங்கவிட வேண்டும். மூடியைப் போட்டு, சூட்டை நாள்தோறும் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வித்தின் மேல் உப்பு படிந்து படிந்து படிகம் வளரும். வாரக்கணக்கில் ஆகும். நடுவில் மூடியைத் திறந்தாலோ, சூட்டை அவசரமாக இறக்கினாலோ போச்சு. உள்ளே பால் கலந்தது போல மங்கிவிடும், அப்புறம் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை, ஆனால் கையை மட்டும் வைக்கக் கூடாது. அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த அறையில் எனக்கு முன்பிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. தைவானிலிருந்து வந்தவள், என்னைவிடச் சில வயது மூத்தவள், டாக்டர் பட்டத்தையும் எனக்கு முன்பே வாங்கிவிட்டவள். விடுதியிலும் நாங்கள் ஒரே மாடி, ஒரே சமையலறை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஜெர்மன் மட்டும். அவள் உடைத்த ஜெர்மன் ஒரு விதம், நான் உடைத்தது இன்னொரு விதம். அவள் பேசியது என் காதில் என்ன தமிழாக விழுந்ததோ அதையே இங்கே எழுதுகிறேன்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு நாள் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஓர் ஆசை. அவள் பார்த்துவிட்டாள். மறுநாள் காலை என் தொட்டிக்கு மேலே ஒரு வடிதாள் ஒட்டியிருந்தது. கரைசலை வடிகட்ட நாங்கள் பயன்படுத்தும் வெள்ளைத் தாள். அதில் தூரிகையால் நான்கு சீன எழுத்துகள். உப்பின் பெயராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மின்சார வேலைக்கு வந்தவரும் அப்படித்தான் நினைத்தார், விஷமா என்று வேறு கேட்டார்.

"இது என்ன?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஒரு குடியானவன்," என்றாள். "அவன் வயலில் நாற்று மெதுவாக வளர்ந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு நாற்றையும் பிடித்துக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து, இன்றைக்குப் பயிர் வளர ஒத்தாசை செய்தேன், இடுப்பு விட்டுப்போச்சு என்று பெருமையடித்துக்கொண்டான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தான். எல்லாம் வாடிக் கிடந்தது."

"இவ்வளவும் இந்த நாலு எழுத்திலா இருக்கிறது?"

"கதையைத் தெரிந்தவனுக்கு நாலு எழுத்துப் போதும்."

எனக்கு மூக்கு அறுபட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த முறை எனக்குப் பிடித்துப்போயிற்று. யாரையும் நேருக்கு நேர் குறை சொல்வதில்லை, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு குடியானவனைக் கூட்டிவந்து நிறுத்திவிடுகிறாள். அப்புறம் அவள் எழுதுவதும் நான் கதை கேட்பதும் வழக்கமாகிவிட்டது. ஓடத்தில் போகும்போது வாளை ஆற்றில் தவறவிட்ட ஒருவன், அது விழுந்த இடத்துக்கு நேராக ஓடத்தின் விளிம்பில் அடையாளம் கீறிவைத்துக்கொண்டு, கரை வந்த பிறகு அந்த அடையாளத்துக்குக் கீழே முங்கித் தேடினானாம். போன குளிர்காலத்தில் குறித்துவைத்த சூட்டு அளவை அப்படியே கோடையிலும் திருகிவைத்த அன்று இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

இந்த முதுமொழிகள் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. சோறு குழைந்த அன்று ஒன்று, டிராமைக் கோட்டைவிட்ட அன்று ஒன்று, விடுதிக் காப்பாளினி எங்கள் மீன் வாசனையைப் பற்றி மூக்கைச் சுளித்த அன்று ஒன்று. ஊரிலிருந்து வரும் கடிதங்களை நான் படித்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, என்ன என்று கேட்டாள். அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள், பெண் அடக்கமானவள், அதிகம் பேசமாட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள் என்றேன். "ஓடத்தில் கீறின அடையாளம்," என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஓடம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று அம்மாவுக்கு யார் எடுத்துச் சொல்வது?

எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்றை அறைக் கதவுக்கு மேலே ஒட்டியிருந்தாள். இது நான்கு எழுத்தில் அடங்கவில்லை, ஆறு எழுத்து. அடக்கத்தைப் புகழ்வது, தன்னைத் தானே மெச்சிக்கொள்வதைக் கண்டிப்பது. கதவருகே சூடான தண்ணீர்க் குழாய் ஒன்று தாழ்வாகப் போகும். உயரமான ஜெர்மன்காரர்கள் எல்லோரும் அங்கே குனிந்துதான் உள்ளே வருவார்கள். அந்த எழுத்துக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் கேலி செய்துகொள்வோம். அர்த்தத்தை அவள் சொன்னதே போதும், இந்த ஒன்றை மட்டும் கதை சொல்லி எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே சோற்றோடு சேர்த்து ஊட்டியதுதான். சீனாவின் பழைய ஞானிகளும் அதையே சொல்லியிருக்கிறார்கள் என்றதும் இனி அதற்கு மேல் அப்பீலே இல்லை என்று தோன்றியது.

எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் இருவரையும் வீட்டுக்குக் காப்பி சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி தன் கையால் செய்த ஆப்பிள் கேக்கைத் துண்டு போட்டு, என் முன்னால் நீட்டினார். "வேண்டாம், நன்றி," என்றேன். தட்டு என் தோழியிடம் போனது. அவளும் அதையே சொன்னாள். தட்டு பேராசிரியரிடம் போனது. அவர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், அதற்குமேல் அந்தத் தட்டு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பசியில் எனக்கு வயிறு கூவியது. டிராமில் திரும்பி வரும்போது அவள் கேட்டாள்: "உங்கள் ஊரிலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டுமா?"

"முதல் தடவை மட்டுமா? இரண்டாவது தடவையும் சொல்லணும். மூணாவது தடவை, நீங்க இவ்வளவு சொல்றதால என்று ஒரு வாய் எடுத்துக்கணும்."

"எங்கள் ஊரிலும் மூன்றுதான்," என்றாள். விடுதிக்கு வந்ததும் வராததுமாக அடுப்பில் அரிசியைப் போட்டோம். இவர்களுக்கு உபசாரம் பண்ணத் தெரியவில்லை என்று இரண்டு நாகரிகங்களும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அடுத்த வருஷம் எனக்கும் டாக்டர் பட்டம் கிடைத்தது. கோடை முடிவோடு என் உதவித்தொகையும் முடியும். அதோடு அங்கே தங்குவதற்கான அனுமதியும் முடியும். அப்புறம் மதுரை. கல்லூரியில் என் பழைய வேலை காத்திருந்தது, ஆனால் அங்கே கரும்பலகையில் படிகத்தின் படத்தைத்தான் வரையலாம். வேலையைத் தவிர ஒரு மாப்பிள்ளையும் காத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் படிக அறையின் பொறுப்பாளர் ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போகப்போவதாகச் சேதி வந்தது. அவர் இடம் காலியாகும். அந்த அறையை யார் நடத்துவது என்பதைப் பேராசிரியர் முடிவு செய்வார். எனக்கு அந்த அறை வேண்டும். அதைவிட வேறெதையும் நான் அப்போது விரும்பவில்லை.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த வாரம் பேராசிரியர் குழாய்க்குக் குனிந்து உள்ளே வந்தார். தோழி அப்போது அறையில் இல்லை. தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். என் படிகத்தின் முன்னால் நின்று, "அழகு," என்றார். பிறகு சட்டென்று கேட்டார்:

"இலையுதிர் காலத்திலிருந்து இந்த அறையை நீங்கள் நடத்துகிறீர்களா?"

என் நெஞ்சு அடித்துக்கொண்டது அவருக்கே கேட்டிருக்கும். ஆனால் வாய் தன்பாட்டுக்குப் பழகின பாட்டைப் பாடியது. "அவ்வளவு பெரிய பொறுப்புக்கு எனக்கு இன்னும் தகுதி வரவில்லை, ஹெர் ப்ரொஃபெஸர். என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள்."

"அப்படியா," என்றார். முகம் கொஞ்சம் வாடியது. "வருத்தம்தான்." தலையாட்டிவிட்டு, குனிந்து, வெளியே போய்விட்டார்.

நான் வானத்தில் பறந்தேன். கேட்டுவிட்டாரே! இனி இரண்டாவது தடவை கேட்பார், அப்போதும் தயங்க வேண்டும், மூன்றாவது தடவை தலைகுனிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலம் சமையலறையில் தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன்னையா கேட்டார்?"

"என்னைத்தான்!"

"நீ என்ன சொன்னாய்?"

சொன்னேன். அவள் சிரித்தாள். "சரியாகச் சொல்லியிருக்கிறாய்," என்றாள். "திரும்பக் கேட்பார்."

"நிச்சயமா?"

"நிச்சயம். கேட்காமல் இருப்பாரா?"

அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். அப்புறம் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். என் சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காத்திருந்தோம். பேராசிரியர் கீழே வரும் நாள்களில் நான் துவைத்த கோட்டு போட்டு, தலை வாரி, தயாராக நிற்பேன். அவர் வருவார், பம்ப்பின் சத்தத்தைப் பற்றிக் கேட்பார், போய்விடுவார். இன்னொரு நாள் வருவார், உப்பு வந்து சேர்ந்ததா என்பார். ஏப்ரல் போய் மே வந்தது. அவசரப்படாமல் இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்றை இழுக்கக் கூடாது, தானாக வளரட்டும் என்று தொட்டிக்கு மேலிருந்த அந்தத் தாளைப் பார்த்துக்கொள்வேன். ஒரு பாடத்தை நன்றாகப் படித்துவிட்டு அதைத் தப்பான இடத்தில் எழுதுவது என்பார்களே, அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எசனில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு சாப்பிடப் போவேன். கணவர் இரும்பாலையில் எஞ்சினியர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மே மாதத்தின் நடுவில் ஒரு ஞாயிறு, அக்கா ரசம் ஊற்றும்போது விஷயத்தைச் சொன்னேன். அக்கா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னது, வேண்டாம்னா சொன்னே?"

"வேண்டாம்னு சொல்லலைக்கா. எனக்குத் தகுதி வரலைன்னு சொன்னேன். ரெண்டாவது தடவை கேப்பாருல்ல, அப்ப..."

"அடிப்பாவி! இவங்க எங்கடி ரெண்டாவது தடவை கேப்பாங்க? வந்த புதுசுல ஃபேக்டரிக்காரங்க வீட்ல டின்னர்னு போய் நான் பட்டினியா திரும்பி வந்தேன். ஒரு துண்டு கேக் வைக்கவே மறுபடி கேக்காதவங்க, ஒரு போஸ்ட்டுக்கா உன்னைக் கெஞ்சப் போறாங்க?"

"அதில்லக்கா, அது கேக், இது சீரியஸான விஷயம்..."

"சீரியஸ்னா இன்னும் மோசம்மா," என்றார் அவர் கணவர். "நீ நோ சொன்னா நோதான். உன் டிசிஷனுக்கு ரெஸ்பெக்ட் குடுக்கிறாங்களாம். மறுபடி கேட்டா அதான் அவங்களுக்கு மரியாதைக் குறைவு."

மறுநாள் காலையிலேயே அவர் சொன்னதற்கு முத்திரையும் குத்தியாகிவிட்டது. பக்கத்து ஆய்வகத்தில் அளவெடுக்கும் கருவிகளோடு வேலை செய்யும் ஓர் இளைஞர், கலகலப்பான ஆள், காப்பி நேரத்தில் என்னிடம் வந்தார். இலையுதிர் காலத்திலிருந்து உங்கள் அறையை நடத்த நான்தான் வரப்போகிறேன் என்றார். போன வெள்ளிக்கிழமை, வேறு யாரும் இல்லை என்று பேராசிரியர் கேட்டாராம், கேள்வி முடிவதற்குள் சரி என்றுவிட்டாராம், தன் கருவிகளை விட்டுவரத்தான் மனசே இல்லையாம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எங்கள் அறைக்கு எப்போது வந்தாலும் ஒரு தொட்டியின் மூடியையாவது தூக்கிப் பார்க்காமல் போகமாட்டார்.

நிலவறைக்கு இறங்கி வந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கதவுக்கு மேலிருந்த அந்த ஆறெழுத்துத் தாளைப் பிய்த்து எறிந்தேன். தோழி உள்ளே வந்தபோது நான் இன்னும் ஸ்டூலின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"உன் ஊர் ஞானமும் என் ஊர் அடக்கமும் சேர்ந்து என் வேலையைத் தின்றுவிட்டன," என்று கத்தினேன். "திரும்பக் கேட்பார் என்றாயே, கேட்டுவிட்டார், பக்கத்து ரூம்காரரிடம்!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. என்மேல் இரக்கம் என்று நினைத்தேன். குனிந்து தாளை எடுத்து, கசங்கலை விரலால் நீவினாள்.

"இதில் தப்பு இல்லை," என்றாள். "இதை எழுதினவர்கள், எதிரே நிற்பவனுக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைத்து எழுதினார்கள். அவனுக்குத் தெரியாவிட்டால் இது பாதி வேலைதான் செய்யும்."

"எந்தப் பாதி?"

"நம்மை வாயடைக்க வைக்கிற பாதி."

தொட்டிகளின் மோட்டார்கள் முனகிக்கொண்டிருந்தன. கீழே இறங்கி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்து, நான் கேட்காமலே ஒரு கதை சொன்னாள்.

"ஒரு பிரபு. அவர் வீட்டில் ஏகப்பட்ட பேர் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாட்டுக்கு ஆபத்து. பக்கத்து ராஜாவிடம் தூது போகத் திறமைசாலிகளைப் பொறுக்கினார். ஓர் ஆள் குறைந்தது. அப்போது கூட்டத்தில் ஒருவன் எழுந்து, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றான். பிரபு சிரித்தார். திறமை என்பது பைக்குள் போட்ட ஊசி மாதிரி, முனை தானாக வெளியே தெரியும், நீ இங்கே இவ்வளவு காலம் இருந்தும் உன்னைப் பற்றி நான் ஒன்றும் கேள்விப்படவில்லையே என்றார். அதற்கு அவன், என்னைப் பைக்குள் போடச் சொல்லி இன்றைக்குத்தானே கேட்கிறேன் என்றான்."

"போனானா?"

"போனான். தூதை முடித்துவைத்ததே அவன்தான். யாரும் அவனைச் சிபாரிசு பண்ணவில்லை, தன்னைத் தானே பண்ணிக்கொண்டான். இதுவும் நாலே எழுத்துதான்."

"இத்தனை தாளில் இதை மட்டும் ஏன் ஒட்டவில்லை?"

"அதை எழுத எனக்குக் கை வரவில்லை," என்றாள். பிறகு எழுந்து, "நாளைக்குப் போய்ச் சொல்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் துணிச்சல் போய்விடும் என்று நின்றுகொண்டே பேசினேன்.

"ஈஸ்டருக்குப் பிறகு நீங்கள் கேட்டபோது நான் மறுத்தேன். அது மறுப்பு இல்லை. எங்கள் ஊரில் பெரிய காரியத்தை முதல் தடவையே ஒப்புக்கொண்டால் அது அலட்டல். நீங்கள் திரும்பக் கேட்பீர்கள் என்று இத்தனை நாளும் காத்திருந்தேன். அந்த அறை எனக்கு வேண்டும். மூடியைத் திறந்து பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியும். இந்தக் கட்டிடத்தில் அந்த அறைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது."

என் காது இரண்டும் சூடேறிவிட்டன. அப்படி ஒரு வாக்கியம் என் பரம்பரையில் எந்தப் பெண் வாயிலிருந்தும் வந்திருக்காது. சொல்லி முடித்ததும் எனக்கு வெட்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பெருமையாக இருந்தது. முதுகெலும்பு ஒரு அங்குலம் நீண்டது போல இருந்தது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

"விசித்திரமாக இருக்கிறது," என்றார். "உங்களிடம் கேட்பதற்கு முந்தின நாள் உங்கள் தோழியிடம் கேட்டேன். அனுபவத்தில் அவர்தானே மூத்தவர். அவரும் இதையேதான் சொன்னார், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில். தகுதி இல்லை, வேறு ஆள்கள் இருக்கிறார்கள் என்று. இரண்டு பேருக்கும் என் நிலவறை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்."

அன்று அவள் கரண்டியைக் கீழே வைத்ததும், திரும்பக் கேட்பார் என்று அடித்துச் சொன்னதும், நேற்று முகம் வெளுத்ததும் எல்லாம் ஒன்றாக விளங்கின. அவளும் காத்திருந்திருக்கிறாள். எனக்கு ஒரு நாள் முன்பிருந்தே. தன்னைக் கேட்டார்கள் என்று என்னிடம் சொன்னால்கூட அது தற்பெருமையாகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. நான் போய் என் சந்தோஷத்தை அவள் தலையில் கொட்டியபோதும் திறக்கவில்லை. கடைசியில் தனக்குக் கை வராத கதையை எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நான் இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அறை எனக்குத்தான். பேராசிரியரின் முகத்திலேயே அது தெரிந்தது. ஒரு கணம் மூடிக்கொண்டுதான் நின்றேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் இத்தனை வாரமாக என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது எதுவோ அது அவிழ்ந்துவிட்டது, மறுபடி கட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

"அவரிடம் எத்தனை தடவை கேட்டீர்கள்?"

"ஒரு தடவை. முடியாது என்றாரே."

"அப்படியானால் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை."

பேராசிரியர் விஞ்ஞானி. அவர் சிரிக்கவில்லை, கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "சரியாக எத்தனை தடவை கேட்க வேண்டும்?"

"மூன்று. இன்னொரு விஷயம், ஹெர் ப்ரொஃபெஸர். என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்றேன். ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் முதலில் கேளுங்கள்."

"பக்கத்து அறை இளைஞர்?"

"அவருக்குத் தன் கருவிகளை விட்டுப் பிரிய மனமே இல்லை. வேறு யாரும் இல்லை என்று நீங்கள் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டிருப்பார்."

பேராசிரியர் அதை மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் படியிறங்கினோம். எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் செய்துவிட்டேன், கையில் கிடைத்ததைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டேனே என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு அதைக் காதில் வாங்கவில்லை.

அவள் தன் தொட்டியின் பக்கத்தில், கையில் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தாள். பேராசிரியர் குழாய்க்குக் குனிந்து நிமிர்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இலையுதிர் காலத்திலிருந்து இந்த அறையை நீங்கள் நடத்த வேண்டும் என்று விரும்புகிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு அந்தத் தகுதி இல்லை, ஹெர் ப்ரொஃபெஸர்," என்றாள். "இவள் இருக்கிறாள்."

"இரண்டாவது தடவை கேட்கிறேன். நீங்கள் நடத்த வேண்டும்."

அவள் கண் அகன்றது. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா, "இல்லை, வேறு யாராவது..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

பேராசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையை அசைத்தேன். "மூன்றாவது தடவை கேட்கிறேன்," என்றார்.

ஈரத்துணியை மெதுவாக மடித்தாள், தொட்டியின் விளிம்பில் வைத்தாள். தலையை நிமிர்த்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

"ஈஸ்டரிலிருந்து இந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறேன். இந்த அறை எனக்கு வேண்டும். இங்கே நல்ல படிகம் வளர்க்க என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை."

அந்தக் குரலில் அடக்கம் மருந்துக்குக்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. என் சொந்தப் படிகம் எதைப் பார்த்தும் நான் அப்படிப் பெருமைப்பட்டதில்லை. அறை என் கையை விட்டுப் போய்விட்டது, கோடை முடிந்தால் மதுரைக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான், அதெல்லாம் தெரிந்தும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பேராசிரியர் திரும்பிப் போகக் காலெடுத்தார். "நில்லுங்கள்," என்றாள் அவள். ஒரு பேராசிரியரை நில்லுங்கள் என்று சொல்பவர்கள் அந்தக் காலத்தில் அங்கே யாரும் இல்லை. அவர் நின்றார். அங்கே ஒரு பதவியை இரண்டாகப் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு, அது எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

"பாதி எனக்கு, பாதி இவளுக்கு," என்றாள். "இதை நான் ஒரு தடவைதான் கேட்பேன்."

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சரி என்றேன்.